சர்வரை அப்கிரேடு செய்ததும் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லையா? எஸ்எம்பி பதிப்புச் சிக்கலைத் தீர்க்கும் வழி

காரைக்குடி, ஆத்தங்குடி பக்கம் கற்பட்டறை ஆபீஸ்களிலும் சேலைக் கடைகளிலும் பெரும்பாலும் இதே அமைப்புதான்: மூலையில் லினக்ஸில் சாம்பா (விண்டோஸ் கணினிகளோடு ஃபோல்டரைப் பகிரும் நிரல்) ஓடும் ஒரு சர்வர், பில் போட விண்டோஸ் 7, கணக்கப்பிள்ளைக்குப் புதிதாக ஒரு விண்டோஸ் 11, கூடவே பழைய ஸ்கேனர். சர்வரை அப்கிரேடு செய்த மறுநாள் போன் வரும்: "அண்ணே, ஸ்கேன் பண்ணினா ஃபோல்டருக்குப் போக மாட்டேங்குது."

உடனே எஸ்எம்பி1-ஐ, அதாவது நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரக் கணினிகள் பேசும் எஸ்எம்பி என்ற மொழியின் பழைய பதிப்பை, மறுபடி ஆன் செய்யத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது, விண்டோஸின் எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஒரு ஸ்கேனருக்காகக் கடையின் மொத்தப் பேரேட்டையும் ஆபத்தில் வைக்க வேண்டாம்.

இணைப்பு தொடங்கும்போது கிளையன்ட் (ஃபோல்டரைத் திறக்கக் கேட்கும் கணினி அல்லது ஸ்கேனர்) தனக்குத் தெரிந்த எஸ்எம்பி பதிப்புகளைச் சொல்லும். இரண்டுக்கும் பொதுவானவற்றில் உயர்ந்ததை சர்வர் எடுத்துக்கொள்ளும். அதனால் சர்வர் புதியது என்பதாலேயே எதுவும் நின்றுபோகாது. ஒரு பக்கத்தின் குறைந்தபட்சப் பதிப்பு மறுபக்கத்தின் அதிகபட்சத்தைத் தாண்டினால்தான் சிக்கல். 2019இல் வந்த சாம்பா 4.11 முதல் அந்தக் குறைந்தபட்சம் எஸ்எம்பி2. விண்டோஸ் எக்ஸ்பிக்கு எஸ்எம்பி1 மட்டுமே தெரியும். விண்டோஸ் 7-க்கு 2.1 வரை தெரியும். பில் கணினி பழசு என்று அதன்மேல் பழி போடாதீர்கள்.

படி 1: யார் எதில் பேசுகிறார்கள் என்று பாருங்கள். இதை அப்கிரேடுக்கு முன்பே செய்வது நல்லது. சர்வரின் டெர்மினலில் 'எஸ்எம்பிஸ்டேட்டஸ்' கட்டளையை, ஆங்கில எழுத்தில் இடைவெளியில்லாமல், ரூட் (நிர்வாகி) உரிமையோடு கொடுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் நேரே பதிப்பு தெரியும். 'என்டி1' என்றிருந்தால் அது எஸ்எம்பி1. ஸ்கேனர் கோப்பை அனுப்பும் நேரத்தில் மட்டுமே பட்டியலில் வரும். பக்கங்களை ஓடவிட்டுக்கொண்டே பாருங்கள்.

படி 2: சாம்பாவின் அமைப்புக் கோப்பு. முதலில் ஒரு நகல் எடுங்கள். 'சர்வர் மின் புரோட்டோகால்' வரியில் யாராவது என்டி1 என்று எழுதி வைத்திருந்தால் அதை எஸ்எம்பி2 ஆக்குங்கள். 'டெஸ்ட்பார்ம்' கட்டளையால் பிழை பார்த்துவிட்டு சாம்பாவை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

படி 3: விண்டோஸ் 11. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இரண்டு பக்கமும் எஸ்எம்பியின் 3.1.1 பதிப்பு தெரிந்திருந்தும் ஃபோல்டர் திறக்காது. விண்டோஸ் 11-இன் 24எச்2 புரோ பதிப்பு, ஒவ்வொரு இணைப்பிலும் டிஜிட்டல் கையொப்பம் கேட்கிறது. பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' நுழைவில் அந்தக் கையொப்பம் போட முடியாது. நம்ம ஊர்க் கடைகளில் ஷேர் ஃபோல்டர் பெரும்பாலும் எல்லாருக்கும் திறந்தே கிடக்கும்; அதுதான் காரணம். விண்டோஸில் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் குறுக்குவழிகள் வேண்டாம். சர்வரில் ஒவ்வொருவருக்கும் லினக்ஸ் கணக்கு தொடங்கி, 'எஸ்எம்பிபாஸ்வேட்' கட்டளையால் பாஸ்வேர்டு கொடுங்கள். அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேர்த்துவிட்டால் தினமும் கேட்காது.

படி 4: ஸ்கேனர். படி 1-இல் அது எஸ்எம்பி1-இல் பேசுவது தெரிந்தால், தயாரிப்பாளரின் தளத்தில் புதிய ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கோ பென்டிரைவுக்கோ மாற்றுங்கள். என் விருப்பம் பென்டிரைவ்தான். கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்தும் 'நெட்வொர்க்' பகுதியில் சர்வரின் பெயர் வரவில்லை என்று சிலர் பதறுவார்கள். அந்தப் பட்டியல் பழைய முறையில் எஸ்எம்பி1-ஐ நம்பி இருந்தது. ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு சர்வரின் ஐபி முகவரியைத் தட்டுங்கள். ஃபோல்டர் திறந்தால் இணைப்பு சரி. பெயரும் தெரிய வேண்டுமென்றால் சர்வரில் 'டபிள்யூஎஸ்டிடி' என்ற சிறிய நிரலை நிறுவிக்கொள்ளலாம்.