தைராய்டு குறைவு: கண்டுபிடிப்பதும் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுவதும்

பெண்களுக்கு வரும் ஹார்மோன் கோளாறுகளில் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடிபடுவது தைராய்டு சுரப்புக் குறைவு. மருந்தும் மலிவு. ஆனாலும் "வேலை அதிகம், அதனால்தான் அசதி" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. மாத்திரையைத் தொடங்கிய பிறகு தவறான முறையில் சாப்பிட்டு, பலன் இல்லை என்று கைவிடுகிறவர்களும் உண்டு.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? தூங்கி எழுந்தும் தீராத அசதி, மற்றவர்களுக்கு வியர்க்கும்போது தனக்கு மட்டும் குளிர்வது, மலச்சிக்கல், வறண்ட தோல், முடி கொட்டுதல், காலையில் முகமும் கண்ணிமையும் வீங்குவது, குரல் கரகரப்பு, விரல்கள் மரத்துப்போவது. மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டி அதிகமாகப் போகலாம், சிலருக்குத் தள்ளிப்போகும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பெரிதாக அர்த்தமில்லை. மூன்று நான்கு சேர்ந்து சில மாதங்கள் நீடித்தால் பரிசோதனை செய்யுங்கள். குழந்தை பிறந்து ஓராண்டுக்குள் இப்படி வந்தால் "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பி அழற்சி வருவதுண்டு.

எடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தைராய்டு குறைவால் கூடுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் ஒரு பகுதி உடம்பில் தேங்கும் உப்பும் நீரும். பதினைந்து கிலோ கூடியிருந்தால் முழுப் பழியையும் தைராய்டு மேல் போட முடியாது. இளைப்பதற்காக மாத்திரையின் அளவைக் கூட்டுவது ஆபத்து.

முதலில் டி.எஸ்.எச். பரிசோதனை போதும். விலை உயர்ந்த ஹார்மோன் பேக்கேஜ் தேவையில்லை. அசதிக்கு ரத்தசோகையும் காரணமாக இருக்கலாம் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். டி.எஸ்.எச். சுமார் 0.4 முதல் 4 வரை இயல்பு; லேபுக்கு லேப் சற்று மாறும். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி "இன்னும் சுரந்து கொடு" என்று தைராய்டை விரட்டும் ஹார்மோன் இது. அதனால் தைராய்டு குறையும்போது டி.எஸ்.எச். ஏறும். ஏறியிருந்தால், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4-ஐப் பார்க்க வேண்டும். டி4 குறைந்திருந்தால் சிகிச்சை தேவை. டி.எஸ்.எச். 4-க்கும் 10-க்கும் இடையில், டி4 இயல்பு என்றால் அவசரப்படாமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே சரி. பலருக்குத் தானாக இறங்கிவிடும். கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் உண்டா என்று காட்டும் ஆன்டி டி.பி.ஓ. பரிசோதனையை ஒருமுறை செய்தால் போதும்.

ரத்தம் கொடுக்க வெறும் வயிறு அவசியமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே லேப், அதே காலை நேரம், அன்றைய மாத்திரைக்கு முன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் பயோட்டின் பரிசோதனையையே குழப்பி, பொய்யான எண்ணைக் காட்டும்.

மாத்திரையின் பெயர் லெவோதைராக்ஸின்; செயற்கையாகத் தயாரித்த டி4 ஹார்மோன்தான் இது. சுரப்பி முழுக்க ஓய்ந்தவருக்குக் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 100. லேசான குறைவுக்கு இதைவிடக் குறைவே போதும். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது சாப்பிடும் முறையில்தான். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள். பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபியோ டீயோ பாலோ கூடாது. நம் வீடுகளில் காலைக் காபிதான் முதல் எதிரி; அது மருந்தைக் குடலில் ஏறவிடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிடுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அந்தக் காலை நேரம் ஒத்துவராதவர்கள் இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது சாப்பிடலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும். பாட்டிலை இறுக மூடி, அடுப்புச் சூடும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.

இந்த மருந்து உடம்பில் மெதுவாகவே சேரும், மெதுவாகவே கரையும்; ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். ஆகவே பத்தே நாளில் பலன் தேடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள், நிலைப்பட்ட பிறகு ஆண்டுக்கு ஒருமுறை போதும். எண் இறங்கவில்லை என்றால் அளவைக் கூட்டும் முன் காபி, கால்சியம், விட்டுப்போன நாட்கள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் அளவு அதிகமாகியிருக்கலாம். அதை அப்படியே விட்டால் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

தைராய்டுக்கு ஆகாது என்று முட்டைக்கோஸையும் காலிஃபிளவரையும் ஒதுக்க வேண்டாம். வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிட்டால் கெடுதல் இல்லை. ஆனால் அயோடின் உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாறாதீர்கள், அதில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. அதற்காகத் தனியாக அயோடின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதும் தவறு. ஆன்டி டி.பி.ஓ. அதிகமுள்ளவர்களுக்கு அது நிலைமையை மோசமாக்கலாம்.

மாத்திரை சாப்பிடுகிறவர் கர்ப்பமானால் ஒருநாளும் நிறுத்தக் கூடாது. முதல் மாதங்களில் குழந்தை அம்மாவின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. தேவையும் கால் பங்குக்கு மேல் கூடும். வழக்கமாக வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை என்று ஏற்றுவார்கள். கர்ப்பம் உறுதியான அன்றே என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழ் இருக்க வேண்டும். பாதிக் கர்ப்பகாலம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை. பிரசவம் ஆனதும் மருத்துவர் சொன்னபடி பழைய அளவுக்குத் திரும்பி, ஆறாவது வாரம் மறுபடி ரத்தம் கொடுங்கள். பாலூட்டும்போதும் மாத்திரையைத் தொடரலாம்.