ஈரானியக் கோதாவிலிருந்து: யார் மானமும் கெடாமல் குழுவை நடத்துவது எப்படி

பயில்வான், வஸ்தாது இரண்டும் பாரசீகத்திலிருந்து நமக்கு வந்த சொற்கள். அவை பிறந்த மண்ணில் தோள்பலம் மட்டும் ஒருவரைப் பயில்வானாக்காது. பக்கத்திலிருப்பவரின் மானத்தைக் காப்பதும் அவர் வேலை. ஈரானின் ஜூர்கானே பயிற்சிக்கூடங்களில் அதற்கென்றே முறைகள் உண்டு. 2010இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்த கலை இது. இன்று ஒரு குழுவை நடத்துபவருக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடையாது.

கூடத்தின் நடுவே தரையில் இறக்கிய கோதா, பெரும்பாலும் எண்கோணம். பயிற்சியை நடத்தும் மியான்தார் கரையில் நின்று கட்டளை போடுவதில்லை. கோதாவின் நடுவில் நின்று தானும் தண்டால் எடுப்பார். சுற்றியிருப்பவர்கள் அவரைப் பார்த்துச் செய்வார்கள். நீங்களும் வாரத்தில் அரை நாளாவது குழுவின் அன்றாட வேலையைக் கையால் செய்யுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறது என்பது அறிக்கையில் தெரியாது.

ஒவ்வொருவராக உடலைச் சுழற்றும் பயிற்சியில் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். கூட்டத்திலும் அதே வரிசை வையுங்கள். தலைவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

எல்லாவற்றிலும் அருமையானது கோல்ரீஸான். நொடித்துப்போன ஒருவருக்காகக் கோதாவில் துணி விரித்துப் பணம் சேர்ப்பார்கள். யாருக்கென்று பெயர் சொல்லாமல் சேர்ப்பதே வழக்கம். 1962இல் ஈரானின் பூயின் ஸஹ்ராவில் நிலநடுக்கம் வந்தபோது மல்யுத்த வீரர் தக்தி தெஹ்ரான் வீதிகளில் இறங்கி நிதி திரட்டியதும் இந்தப் பழக்கத்தின் நீட்சிதான்.

அலுவலகத்தில் இதைச் செய்ய: தேவை யாருக்கு என்பது உங்களோடு இன்னொருவருக்கு மட்டும் தெரியட்டும். மூடிய பெட்டி வையுங்கள். கொடுத்தவர் பட்டியல் எழுதாதீர்கள். பணத்தை அலுவலகத்துக்கு வெளியே ஒப்படையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பெயரும் தொகையும் போட்டால் உதவி கடனாக மாறிவிடும். உதவி பெற்றவர் அடுத்த முறை கஷ்டத்தைச் சொல்லவே மாட்டார். ஐந்தாறு பேர் குழுவென்றால் பெயர் எப்படியும் தெரிந்துவிடும். அங்கே மாதாமாதம் சிறு தொகை சேரும் பொது நிதியே சரி.

கடைசியாகத் தாரோஃப், அதாவது உபசார மறுப்பு. ஈரானியர் ஒருவரிடம் “நாளை விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்” என்றால் முதலில் “வேண்டாம்” என்பதே மரியாதை. அதையே முடிவாக எடுத்துக்கொண்டால் களைத்தவர் களைத்தபடியே உழைப்பார். தனியாக அழைத்து இரண்டாம், மூன்றாம் முறை கேளுங்கள். “சனிக்கிழமை எடுத்துக்கொள்கிறேன், நாளை சரக்கு வருகிறது” என்று குறிப்பான காரணம் வந்தால் அது நிஜ மறுப்பு, அதற்குமேல் வற்புறுத்தாதீர்கள். “பரவாயில்லை, பரவாயில்லை” என்று மட்டும் வந்தால், அவருடைய வேலையை யார் பார்ப்பார் என்று நீங்களே ஏற்பாடு செய்துவிட்டு மறுபடி கேளுங்கள்.