குரோம்பேட்டையில் எந்த பீச் வண்டியில் ஏறுவது?

எழும்பூர் ஆபீசில் ஒன்பதரைக்குள் நான் கைரேகை வைத்தாக வேண்டும். குரோம்பேட்டையிலிருந்து சென்னை பீச் போகும் மின்சார ரயிலில் ஏறக்குறைய 35 நிமிடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டரைக்கு ஸ்டேஷனுக்குப் போனால் போதும் என்று நினைத்தேன். லேடீஸ் பெட்டியில் கால் வைக்க இடமில்லாமல் இரண்டு வண்டியை விட்டுவிட்டு நின்ற நாட்கள் பல.

முதலில் ஒரு வாரம் சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். வண்டி நிஜமாக எத்தனை மணிக்கு வந்தது, எங்கிருந்து கிளம்பியது, முந்தைய வண்டி போய் எவ்வளவு நேரமாயிற்று. இந்த மூன்றாவதுதான் கூட்டத்தைத் தீர்மானிக்கிறது. பன்னிரண்டு நிமிட இடைவெளிக்குப் பிறகு வரும் வண்டியில், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அந்தப் பன்னிரண்டு நிமிடமாகச் சேர்ந்த அத்தனை பேரும் ஏறுவார்கள். ஏறி இறங்கவே நேரம் பிடித்து அது இன்னும் தாமதமாகும். அதை ஒட்டியே நாலைந்து நிமிடத்தில் வரும் அடுத்த வண்டி காலியாக இருக்கும். நான் முதலாவதை விட்டுவிடுவேன்.

2025 ஏப்ரலில் ஏ.சி. வண்டி வந்ததிலிருந்து இன்னொன்றையும் கவனிக்கிறேன். சாதாரண சீசன் டிக்கெட் அதில் செல்லாது. ஆகவே முன்னால் போனது ஏ.சி. வண்டி என்றால், நம்மைப் போன்றவர்களுக்கு அதற்கும் முந்தைய வண்டியிலிருந்துதான் இடைவெளியைக் கணக்கிட வேண்டும்.

செங்கல்பட்டு வண்டி மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, வண்டலூர் ஆட்களோடு நிரம்பித்தான் நம்மிடம் வரும். தாம்பரத்தில் புறப்படும் வண்டியில் தாம்பரம், சானடோரியம் ஆட்கள் மட்டுமே. உட்கார்ந்தே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்கள் (முழங்கால் வலி வந்த வருஷம் நானும் இதைத்தான் செய்தேன்) எதிர்ப்பக்கம் தாம்பரம் வரை போய், அங்கே கிளம்பும் வண்டியில் ஏறலாம். சீசனைத் தாம்பரத்திலிருந்தே எடுத்திருக்க வேண்டும். குரோம்பேட்டை சீசனோடு போனால் அது டிக்கெட் இல்லாத பயணம். இதற்கு இருபது நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

திங்கட்கிழமைக்குத் தனிக் கணக்கு. ஊருக்குப் போனவர்கள் தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்களில் தாம்பரம் வந்து இறங்கி, பையும் மூட்டையுமாக லோக்கலுக்கு மாறுவார்கள். அன்றைக்கு நான் அரை மணி முன்னதாகவே கிளம்பிவிடுவேன்.

இவ்வளவையும் பார்த்து எனக்கென்று வைத்துக்கொண்ட நேரம் எட்டே கால். அது தவறினாலும் இன்னொரு வண்டியை விடும் அளவுக்குக் கையில் நேரம் இருக்கும். படியில் தொங்கித்தான் போக முடியும் என்கிற வண்டியை நான் வந்ததாகவே கணக்கில் எடுப்பதில்லை; நீங்களும் எடுக்காதீர்கள். கிண்டி வரை நின்றால் போதும். தொழிற்பேட்டைக்கும் மெட்ரோவுக்கும் போகிறவர்கள் அங்கே இறங்குவார்கள். அதற்கு முன்பே, மீனம்பாக்கம் தாண்டியதும் கதவருகிலிருந்து சீட்டுப் பக்கம் நகர்ந்துவிடுங்கள்.