ஊடாடும் ஊடகத்திலும் இயந்திரக் கற்றலிலும் ஆய்வாளராவது எப்படி?

பயனரின் செயலுக்கு உடனுக்குடன் மறுவினை தரும் ஊடகங்களையும், எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் மென்பொருளையும் இணைக்கும் இத்துறைக்குள் வர விரும்புவோர், யாருக்காகக் கருவி செய்யப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நிரல்மொழித் தேர்வெல்லாம் அதற்குப் பிறகுதான். இசைக்கலைஞர், நடனக் கலைஞர், விளையாட்டு வடிவமைப்பாளர் என ஏதேனும் ஒரு தரப்பினரின் வேலையை நெருங்கி அறிந்தவருக்கு ஆய்வுக் கேள்விகள் தாமாகவே கிடைக்கும்.

இத்துறை ஆய்வாளர் ரெபெக்கா ஃபீப்ரிங்கின் பாதையை இதற்காகவே ஊன்றிக் கவனிக்கலாம். கணினி அறிவியலோடு புல்லாங்குழலும் பயின்ற அவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தபோது, 2009இல் ‘வெக்கினேட்டர்’ என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். இந்தக் கையசைவுக்கு இந்த ஒலி என்று கலைஞர் சில எடுத்துக்காட்டுகளைச் செய்து காட்டினால், மென்பொருள் அவற்றிலிருந்து கற்று, இடைப்பட்ட அசைவுகளுக்கும் ஒலியமைப்பை ஊகித்துத் தருகிறது; விளைவு பிடிக்கவில்லையென்றால் கலைஞரே எடுத்துக்காட்டுகளை மாற்றி உடனே மறுபடி பயிற்றுவிக்கலாம். அதிலிருந்த கற்றல் வழிமுறைகள் புதியவை அல்ல. நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘வெக்கா’ என்ற இயந்திரக் கற்றல் மென்பொருள் தொகுப்பிலிருந்து அவை எடுக்கப்பட்டன. பயிற்றுவிக்கும் பொறுப்பைப் பொறியாளரிடமிருந்து கலைஞரிடம் மாற்றியதும், ஏழு இசையமைப்பாளர்களோடு பல வாரங்கள் அமர்ந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டுக் கருவியைத் திருத்தியதுமே அந்த ஆய்வின் பங்களிப்பு.

ஆகவே, கருவியின் முதல் வடிவம் அரைகுறையாக இருக்கும்போதே அதை ஐந்தாறு பேர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் எந்த எடுத்துக்காட்டை நீக்குகிறார்கள், எங்கே மறுபடி பயிற்றுவிக்கிறார்கள், எப்போது சலித்து எழுந்துவிடுகிறார்கள் என்பதையெல்லாம் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். சோதனைத் தரவில் குறைந்த துல்லியம் காட்டும் கற்றல் மாதிரியையே (எடுத்துக்காட்டுகளிலிருந்து மென்பொருள் கற்று உருவாக்கியதையே), அது எதிர்பாராத ஒலி தருகிறது என்பதற்காக, ஒரு கலைஞர் விரும்பக்கூடும். துல்லிய அளவை மட்டும் அட்டவணையிடும் ஆய்வாளருக்கு அந்த விருப்பம் தென்படாது. பொறியியல் மாணவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் நேர்காணல் முறைகளையும் களக் கவனிப்பையும் முறையாகக் கற்க வேண்டியது இதனால்தான்.

நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் இன்றியமையாதவை. நிரலாக்கத்துக்கு, கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001இல் தொடங்கிய ‘பிராசஸிங்’ என்ற காட்சிக்கலை சார்ந்த நிரலாக்கக் கருவி நல்ல நுழைவாயில். உலாவியிலேயே வேலை செய்ய விரும்புவோர் பிராசஸிங்கின் வழியில் அமைந்த ‘பி5.ஜேஎஸ்’ (p5.js), இயந்திரக் கற்றலுக்கான ‘எம்எல்5.ஜேஎஸ்’ (ml5.js) ஆகிய இரு நிரல் தொகுப்புகளையும் பழகலாம்.

கட்டுரையை எங்கே அனுப்புவது என்பது சற்றுச் சிக்கலான கேள்வி. இசைக் கருவிகள் சார்ந்த ஆய்வுக்கு புதிய இசை இடைமுகங்களுக்கான ‘நைம்’ (NIME) மாநாடு பொருத்தமானது. 2001இல் சியாட்டிலில், மனிதர்-கணினி ஊடாட்டம் பற்றிய ‘கை’ (CHI) மாநாட்டின் பயிலரங்காகத் தொடங்கி, மறு ஆண்டு டப்ளினில் தனி மாநாடானது. அங்கே கட்டுரைகளோடு மேடை நிகழ்ச்சிகளுக்கும் இடமுண்டு. ஆனால் கணினித் துறைகளின் தேர்வுக் குழுக்கள் அந்நிகழ்ச்சிகளுக்கு அதே மதிப்பைத் தரும் என்று எண்ணிவிட வேண்டாம். கலைப் பள்ளியா, கணினித் துறையா என்பதை முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டுக்குள் முடிவு செய்து, அதற்கேற்ப வெளியீடுகளைத் திட்டமிடுவது நல்லது.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன், அவருடைய பழைய மாணவர்கள் உருவாக்கிய மென்பொருள்களைப் பதிவிறக்கி, அவை இன்றைய கணினியில் இயங்குகின்றனவா என்று பாருங்கள். இயங்கவில்லையென்றால், கருவியைப் பராமரிக்க நிதியும் ஆளும் கிடைக்குமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.