சிப்பி பொறுக்கத் தீவுக்குப் போகிறீர்களா? படகு பிடிப்பதில் நடக்கும் தவறுகள்

புளோரிடாவின் மேற்குக் கரையில், ஃபோர்ட் மயர்ஸுக்கு எதிரே இருக்கும் சானிபெல், கேப்டிவா தீவுகளுக்குப் பாலம் உண்டு. காரிலேயே போய்விடலாம் என்பதால் விடிவதற்கு முன்பே டார்ச் லைட்டும் கையுமாக அங்கே ஆட்கள் குனிந்தபடி நடந்துகொண்டிருப்பார்கள். ஆள் மிதிக்காத மணல் வேண்டுமென்றால் பாலம் இல்லாத தீவுக்குப் போக வேண்டும். வடக்கே நார்த் கேப்டிவா, அதற்கும் மேலே கேயோ கோஸ்டா. தெற்கே மார்கோ தீவைத் தாண்டிப் போனால் கைஸ் தீவு, கேப் ரோமானோ. டிசம்பர் விடுமுறையில், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு நம்மவர்கள் நிறையப் பேர் போகிறார்கள். பலர் டால்ஃபின் படங்களோடும் ஒரு கைப்பிடி உடைந்த சில்லுகளோடும் திரும்புகிறார்கள்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தங்களுக்குத் தோதான நேரத்தைப் பார்த்து புக் செய்திருப்பார்கள். காலை டிபனை முடித்துவிட்டுப் பத்து மணிப் படகு, இல்லையென்றால் சூரிய அஸ்தமனத்தோடு சேர்த்து ஒரு சவாரி. பார்க்க வேண்டியது கடல் எப்போது வற்றுகிறது என்பதை. லோ டைட் என்று அட்டவணை சொல்லும் நேரத்துக்கு ஒரு மணி முன்பாகக் கரையில் இறங்கினால், நீர் பின்வாங்கப் பின்வாங்கப் புது மணல் வெளியே வந்துகொண்டே இருக்கும். நீர் ஏறியிருக்கும்போது இறங்கினால் மேல்மணலில் வெயிலில் வெளுத்துக் கிடப்பதுதான் மிச்சம். அந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் பெரும்பாலும் மூன்று அடிக்குள்தான். ஆனால் கடலடி அவ்வளவு மெதுவாகச் சரிவதால் அந்த மூன்றடியே மணல்திட்டு முழுவதையும் திறந்து காட்டிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பொதுவாக இன்னும் நன்றாக வற்றும். தினசரி காலண்டரைப் புரட்டும் அம்மா வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அட்டவணையைப் பார்ப்பவர்களும் ஓர் இடத்தில் சறுக்குகிறார்கள். நோவா எனப்படும் அமெரிக்கக் கடல், வானிலைத் துறை இதை இலவசமாகவே தருகிறது. ஆனால் படகு கிளம்பும் துறை தீவுக்கு உள்பக்கம், பைன் ஐலண்ட் சவுண்ட் என்ற உள்கடலில் இருக்கும். நீங்கள் பொறுக்கப் போவதோ வெளிக்கடல் பக்கம். உள்பக்கம் நீர் வற்ற ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகும். துறைக்குரிய நேரத்தை நம்பிப் போனால், நீங்கள் போய்ச் சேரும்போது வெளிக்கரையில் நீர் திரும்ப ஏறத் தொடங்கியிருக்கும். வெளிக்கடல் பக்கத்து இடத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இன்னொன்று, சில நாட்களில் ஒரே ஒரு நல்ல வற்றம்தான் வரும், அதுவும் நடுராத்திரியில் விழலாம். அந்த நாளில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் படகு வேண்டாம்.

காற்றும் முக்கியம். குளிர்காலத்தில் வடமேற்குக் காற்றோடு ஒரு குளிர் அலை வந்து போகும்போது, அலைகள் ஆழத்தில் கிடக்கும் சிப்பிகளைப் புரட்டிக் கரையில் போடும். அலை கொந்தளிக்கும் நாளில் படகே கிளம்பாது. அடங்கிய மறுநாள்தான் அறுவடை. அதனால் பயணத்தின் கடைசி நாளில் படகை வைக்காதீர்கள், தள்ளிப்போட இடமே இருக்காது.

அடுத்தது, விளம்பரத்தில் இருக்கும் “மூன்று மணி நேரம்”. அது துறையிலிருந்து கிளம்பித் துறைக்கே திரும்பும் நேரம். நடுவில் டால்ஃபின் தேடி ஒரு சுற்று, மதியச் சாப்பாட்டு டிக்கெட் என்றால் கேபேஜ் கீ என்ற குட்டித் தீவில் இறங்கி ஒரு பர்கர். சுவர் முழுக்க ஒரு டாலர் நோட்டு ஒட்டியிருக்கும் அந்த உணவகம் பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் சிப்பிக்கு என்று போகிறவர் கேட்க வேண்டியது ஒன்றே: “மணலில் எத்தனை நிமிடம்?” பதில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்றால் அது டால்ஃபின் சவாரி.

பெரிய படகா, சின்னப் படகா? கேயோ கோஸ்டாவுக்கு ஃபெர்ரி மலிவு, நாள் முழுக்க இருக்கலாம். ஆனால் அது உள்பக்கத் துறையில் இறக்கிவிடும். வெளிக்கடல் கரைக்குத் தீவைக் குறுக்கே கடந்து போக வேண்டும், அதற்கு வண்டி ஓடுகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். தனிப் படகு நேரே கரையில் மூக்கை முட்டி நிறுத்தும், வற்றத்துக்கு ஏற்றபடி கிளம்பும். வழக்கமான உரிமம் உள்ள கேப்டன் காசு கொடுத்து வருபவர்களில் ஆறு பேரைத்தான் ஏற்றலாம். “குழந்தைதானே, ஏழாவதாக வரட்டும்” என்று பேரம் பேச வேண்டாம், சரி என்று சொல்பவரோடு போகவும் வேண்டாம். தனிப் படகில் ஏணி வழியாக முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இப்போது சட்டம். சானிபெல்லில் 1995 முதலும், சானிபெல் முதல் கேயோ கோஸ்டா வரை அடங்கிய லீ கவுண்டி (மாவட்டம்) முழுக்க 2002 முதலும் உயிருள்ள சிப்பி, சங்கு, நட்சத்திர மீன், நாணயம் போல வட்டமாகத் தட்டையாக இருக்கும் சாண்ட் டாலர் என்ற கடலுயிர் எதையும் எடுக்கக் கூடாது. மட்டி போன்ற சில உணவு வகைகளுக்கு மட்டும் விலக்கு. அபராதம் 500 டாலர் வரையும், சிறை 60 நாள் வரையும் போகலாம். தெற்கே எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா எல்லைக்குள் வெறும் ஓடு என்றாலும் ஆளுக்கு ஒரு குவார்ட், ஏறக்குறைய ஒரு லிட்டர் அளவுதான். சங்கைத் திருப்பி வாயைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் நகம் போல ஒரு மூடி அடைத்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. கால் தெரிந்தால் துறவி நண்டு. வெளுத்த சாண்ட் டாலர் செத்தது. பழுப்பாக, மேலே மெல்லிய முடி போல இருந்தால் உயிருள்ளது, தண்ணீரிலேயே மெதுவாக வைத்துவிடுங்கள். “எடுங்க, யார் பார்க்கப் போறா” என்கிற கேப்டனை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்யாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்கள் நிச்சயம் ஏமாறும் ஒன்றும் அங்கே உண்டு. லைட்னிங் வெல்க் என்ற பெரிய சங்கு. சுருள் மேலேயும் நீண்ட கூர் முனை கீழேயுமாக, வாய் நம்மைப் பார்க்கப் பிடித்தால் வாய் இடப்பக்கம் திறக்கும், தலைகீழாகத் திருப்பினால் வலப்பக்கம். அம்மா பார்த்ததும் “வலம்புரி!” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். அந்த இனத்துக்கு அதுதான் இயல்பு, அபூர்வம் ஒன்றுமில்லை. நம் கடலின் உண்மையான வலம்புரியில், வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரி வரியாக இருக்கும், இதில் இருக்காது. இந்தியாவில் இதையே வலம்புரி என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். காலியாகக் கிடந்தால் தாராளமாக எடுத்து வரலாம், பூஜையறையில் வைப்பதா என்பது அம்மாவின் முடிவு.

மற்றபடி, தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 26 அடிக்குக் குறைவான படகு ஓடும்போது லைஃப் ஜாக்கெட் கட்டாயம், சரியான அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். காசு கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள் பாக்கி இருக்கின்றன. காற்றுக்காக ரத்தானால் பணம் திரும்புமா, அல்லது வேறு தேதிதானா? சிவப்பு அலை (ரெட் டைட்) எனப்படும் நச்சுப் பாசிப் பெருக்கம் வந்தால் என்ன செய்வீர்கள்? அந்தப் பாசி பெருகும் நாட்களில் படகு தாராளமாக ஓடும், கரையில் நிற்பவருக்குத்தான் இருமல் நிற்காது. அதன் நிலவரத்தை மாநில மீன், வனவிலங்குத் துறை வரைபடமாகவே வெளியிடுகிறது. முந்தைய நாள் இரவு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.