ஆத்தங்குடித் தரையிலிருந்து உங்கள் சொந்த டிசைன் வரை: ஒரு செய்முறை

காரைக்குடிப் பக்கம் ஒரு நாள் சுற்றி வந்தால் போனில் முந்நூறு படம் சேர்ந்துவிடும். ஆத்தங்குடித் தரை, கானாடுகாத்தான் வீட்டு நிலைவாசல், கொட்டான் என்கிற பனையோலைக் கூடை, அய்யனார் கோயில் மண்குதிரை எல்லாம் அதில் இருக்கும். ஆனாலும் வீட்டுக்கு வந்து பேப்பரை எடுத்து வைத்தால் கை ஓடாது. பார்த்த பூவை அப்படியே வரைந்தால் அது நகலாகத்தான் வரும். அந்தப் பூ ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வரைந்தால் புதிதாக ஒன்று பிறக்கும். இந்தச் செய்முறை முழுக்க அந்த 'ஏன்' பற்றியதுதான்.

எடுத்துப் போக வேண்டியவை

கோடு போடாத நோட்டு, 2பி பென்சில், ஆறு நிற வாட்டர் கலர், வெள்ளை அட்டைத் துண்டுகள், கத்தரிக்கோல், செலோ டேப். சட்டமில்லாத, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி இரண்டு வாங்கி, ஒரு ஓரத்தில் டேப் ஒட்டிப் புத்தகம்போல் திறந்து மூடும்படி செய்துகொள்ளுங்கள். ஓர் அட்டையின் நடுவில் 3 செ.மீ. சதுரச் சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். இவ்வளவு போதும்.

1. மூன்றே பொருள்

ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். மனிதர் செய்தது இரண்டு, இயற்கையில் ஒன்று என்று எடுத்தால் நன்றாக அமையும். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் கொடுங்கள். முதல் ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடாமல் சன்னல் அட்டை வழியாக மட்டும் பாருங்கள். முழுத் தரையையும் பார்க்கும்போது கண்ணில் படாத மூலை வளைவு அந்தச் சதுரத்துக்குள் தனியாகத் தெரியும்.

பெரிய வீடுகள் பலவும் பூட்டித்தான் கிடக்கும். விசேஷத்துக்குத்தான் குடும்பத்தார் வந்து கூடுவார்கள். காவலுக்கு இருப்பவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பூஜை அறையையும் குடும்பப் படங்களையும் போட்டோ எடுக்காதீர்கள்.

2. 'ஏன் இப்படி?' என்று எழுதுங்கள்

வரைந்த படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுத வேண்டும். செட்டிநாட்டில் இதற்குக் கிடைக்கும் பாடங்கள் அருமையானவை.

ஆத்தங்குடி டைலைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் டிசைன் அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிய பிறகு அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த கலவையைத் தூவி, சாந்து போட்டு மூடி, காயவிட்டுத் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். மேற்பரப்பின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. அறைக்கு ஒரு நிறம் என்பதால் ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும் வேலைக்கு அச்சில் இடமில்லை. எனவே நீங்கள் எழுத வேண்டிய வரி: 'ஒவ்வொரு நிறமும் மூடிய அறைக்குள்.'

கண்டாங்கிச் சேலையில் கட்டம் பாவும் (நெடுக்கு நூல்) ஊடும் (குறுக்கு நூல்) குறுக்கிடுவதால் வருகிறது. சிவப்புப் பாவைக் கறுப்பு ஊடு கடக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒரு கலங்கிய நிறம் தெரியும். இரண்டு நூலில் மூன்று நிறம்! கொட்டானில் ஓலை மேலும் கீழுமாகப் போவதால் வளைவுகூடப் படிப்படியாகத்தான் ஏறும்.

இயற்கையிலும் இதே கேள்விதான். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வரும் நத்தைகுத்தி நாரையின் அலகு, மூடியிருந்தாலும் நடுவே இடைவெளி விட்டிருக்கும். நத்தையைக் கையாள அது உதவுகிறது. அந்த இடைவெளியே ஒரு நல்ல வடிவம். கூட்டத்தை நெருங்காமல் தூரத்திலிருந்து வெளிக்கோட்டை மட்டும் வரையுங்கள்.

3. நிறத்தை அளந்து எடுங்கள்

போன் கேமரா நிறத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும். முற்றத்து நிழலில் செம்மண் நிறம் நீலம் தட்டும். படத்தின் ஓரத்தில் வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால் பிறகு சரிசெய்ய ஓர் ஆதாரம் இருக்கும். தரையைப் படமெடுக்கும்போது போனை நேர் மேலே பிடியுங்கள். சாய்ந்தால் சதுரம் கோணிப்போகும்.

இதைவிட நம்பகமான வழி: வெள்ளை அட்டையில் ஓட்டை போட்டுப் பொருளின் மேல் வைத்து, ஓட்டைக்குப் பக்கத்திலேயே வாட்டர் கலரைக் கலந்து பூசுங்கள். காய்ந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிவது காய்ந்தால் வெளிறும்.

அடுத்து 10 செ.மீ. நீளப் பட்டை ஒன்றை வரைந்து, எந்த நிறம் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பிரியுங்கள். உதாரணமாகச் சிவப்பு 6, கறுப்பு 3, கடுகு மஞ்சள் 1. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். நிறங்களைச் சரியாகப் பிடித்துவிட்டு எல்லாவற்றையும் சம அளவில் போடுவார்கள். எதுவும் எடுப்பாக நிற்காது.

4. கண்ணாடி வையுங்கள்

இரட்டைக் கண்ணாடியை 90 பாகையில் திறந்து, வரைந்த படத்தின் ஒரு மூலையில் நிறுத்துங்கள். ஒரு கால்பகுதி நான்காகி முழுப் பூவாகும். நான்கு டைல் சேர்ந்து ஒரு பூ ஆவதும் இப்படித்தான். 60 பாகையில் ஆறு, 45 பாகையில் எட்டு. பனையோலையின் விசிறி மடிப்பு மேல் 45 பாகையில் வைத்துப் பாருங்கள். கண்ணாடியை மெல்ல நகர்த்திக்கொண்டே போய், பிடித்த இடத்தில் நிறுத்திப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

5. தொடர் டிசைனாக்குங்கள்

12 செ.மீ. சதுரத் தாளின் நடுவில், குறித்துவைத்த வடிவத்தை விளிம்பைத் தொடாமல் வரையுங்கள். பின்பக்கம் நான்கு மூலைகளிலும் 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். இதை விட்டால் பிறகு துண்டுகள் குழம்பிவிடும். நெடுக்காகச் சரிபாதி, 6 செ.மீ.யில் வெட்டி, இடதை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றிப் பின்னால் டேப் ஒட்டுங்கள். அதேபோல் குறுக்காக வெட்டி, மேலது கீழே, கீழது மேலே. வரைந்தது இப்போது மூலைகளுக்குப் போய், நடுவில் வெற்றிடம் வந்திருக்கும். அதை நிரப்புங்கள், விளிம்பைத் தொடாமல். ஜெராக்ஸில் ஒன்பது பிரதி எடுத்து மூன்றுக்கு மூன்றாக அடுக்கினால் மூட்டுத் தெரியாமல் ஓடும். வெட்டு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒவ்வொரு மூட்டிலும் அது தெரியும் என்பதால் ஸ்கேல் வைத்தே வெட்டுங்கள்.

கோலத்தில் ஊடுபுள்ளி வைப்பதுபோல் அடுத்த வரிசையைப் பாதி நகர்த்தவும் ஆசை வரும். இந்த வெட்டு முறையில் செய்த சதுரத்தை அப்படி நகர்த்தினால் விளிம்பில் கோடுகள் பொருந்தாது. ஊடுபுள்ளி அடுக்குக்கு, விளிம்பைத் தாண்டாத தனிப் பூவை மட்டும் பயன்படுத்துங்கள்.

6. சோதனை

ஒன்பதையும் சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நில்லுங்கள். வெள்ளையாகச் சந்துபோல் ஒரு கோடு நெடுக ஓடினால் அங்கே ஒரு புள்ளியோ இலையோ தேவை. பிறகு போனில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுங்கள். இரண்டு நிறம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அதில் ஒன்றை இன்னும் அடர்த்தியாக்குங்கள்.

கடைசியாக, இரண்டாம் படியில் எழுதிய வரியை எடுத்து டிசைனோடு ஒப்பிடுங்கள். 'ஒவ்வொரு நிறமும் மூடிய அறைக்குள்' என்று எழுதியிருந்தால், திறந்து கிடக்கும் கோடுகளைத் தேடி மூடுங்கள்.