மணலிலிருந்து பரணுக்கு: கருவாட்டுக் களத்தில் புது முறையை ஏற்க வைப்பது

பாம்பன், மண்டபம் பக்கம் கருவாட்டை மணலில் பரப்பிக் காயவைப்பது பழகிப்போன வேலை. சவுக்குக் கம்பு நட்டு, இடுப்பளவு உயரத்தில் வலை கட்டிப் பரணாக்கி அதில் காயப்போடுவோம் என்றால் முதலில் ‘வேண்டாம்’ என்றுதான் வரும். அது பிடிவாதமல்ல, பெரும்பாலும் கணக்கு.

முதலில் கூலியைப் பேசுங்கள். கூடைக்கு இவ்வளவு என்று வாங்கும் அக்காமாருக்குப் பரணில் கை பழகும்வரை கூடை குறையும். அதனால் முதல் இரண்டு வாரம் நாள்கூலி கொடுங்கள். இதை விட்டுவிட்டுச் சுகாதாரம் பேசினால் யார் காதிலும் ஏறாது. அடுத்தது எடை. ஒட்டிய மணலும் தராசில் ஏறும் (தெரியாதவர் இல்லை, சொல்பவர்தான் இல்லை). பரணில் அந்த எடை போய்விடும். அதனால் சுத்தமான சரக்குக்குக் கிலோவுக்கு எவ்வளவு கூட்டித் தருவார் என்று வியாபாரியிடம் முன்பே கேட்டுவையுங்கள்.

பிறகு ஒரே ஒரு பரண், பத்தடிக்கு நாலடி. ஒரே படகு நெத்திலியில் 5 கிலோ பரணில், 5 கிலோ மணலில். காய்ந்ததும் தனித்தனியாக எடைபோட்டு விற்று, காசை எல்லோர் முன்னாலும் எண்ணுங்கள். உயரத்தையும் இடத்தையும் களத்தின் மூத்த அக்காவே முடிவுசெய்யட்டும். குனியாமல் மீனைத் திருப்பலாம் என்பதை அவர் சொன்னால்தான் எடுபடும்.

வலைக்கண் பெரிதானால் நெத்திலி கீழே கொட்டும், அன்றோடு திட்டம் கேலியாகிவிடும். சிறுகண் வலையே போடுங்கள். காக்கை கொத்தாமல் இருக்க மீனுக்கு மேலே இன்னொரு வலை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், 61 நாள். வரத்து குறைந்த அப்போதே தொடங்குங்கள். தடை முடிந்து மீன் குவியும் வாரத்தில் வேண்டாம்.